அமாவாசையில் கேட்ட தறிச்சத்தம்

அத்தியாயம் 17

ரேவதி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் மூன்று இடத்தில் மூன்று பதில் கிடைக்கும்.

ஆபீஸில் கேட்டால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள் என்பார்கள்.

அப்பா தர்மனைக் கேட்டால், "ஜார்ஜியாவுல மாப்ளையோட இருக்குது. ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கிக்கினுதான் போயிருக்குது. பொங்கலுக்கு வந்துடும்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அம்மா துளசியைக் கேட்டால், "காப்பி சாப்பிடுறீங்களா?" என்பாள். காஞ்சிபுரத்தில் முழு உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

உண்மை இதுதான். ரேவதியின் கணவன் உதயகுமாருக்கு ருஷ்யாவை ஒட்டிய ஜார்ஜியா நாட்டில், மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மொத்தம் ஐந்து மாதம். ரேவதி ஆபீஸுக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டாள். இந்தியாவுக்குள் எந்த மூலையிலிருந்தும் வேலை பார்க்கலாம், கம்பெனி லேப்டாப் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது என்று இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தது. மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. லேப்டாப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். அது நடந்து நாலு மாதமாகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னாள். உதயகுமாருக்கு வேலையை மேலும் இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டார்கள். அதனால் பொங்கலுக்கு அவள் வரப்போவதில்லை. இதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று துளசி ஐந்து நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

தேடி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மார்கழி அமாவாசை.

*

அந்த மலையூரின் பெயர் ஸ்தெபாந்த்ஸ்மிந்தா. துளசி அதை இன்றுவரை ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. "அந்தப் பனி ஊரு" என்பதோடு சரி.

அங்கே காலை எட்டு மணி. நம் ஊரில் ஒன்பதரை. ஜன்னலின் கீழ்க்கட்டைவரை பனி ஏறி நின்றது. உதயகுமார் ஆறு மணிக்கே கம்பெனி வேனில் போய்விட்டான். பக்கத்து வீட்டு மாரினா அம்மா கொடுத்த சூடான ரொட்டியில் பாதியைக் கடித்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டருக்கு மேலே ஒரு பருத்தித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ரேவதி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். காஞ்சிபுரத்தில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள்?

முதுகுக்குப் பின்னால் சுவரில் காமாட்சி அம்மன் படம் போட்ட மாதக் காலண்டர். அது கேமராவுக்காக மாட்டியது. ஜன்னல் எந்தக் கோணத்திலும் தெரியாது. நெட் விஷயத்தை உதயகுமார் பார்த்துக்கொண்டான். மாமனார் வீட்டுக் கூடத்து அலமாரியில் அவன் வைத்துவிட்டு வந்த ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான் அவள் ஆபீஸுக்குள் போகிறாள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அவள் காஞ்சிபுரத்தில் இருப்பதுபோலவே தெரியும். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது துளசியின் வேலை. அது என்னவென்று தெரியாமலே தர்மன் ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தார்.

இன்னும் ஒரு ஏற்பாடு இருந்தது. மீட்டிங் தொடங்கியதும் ரேவதி தன் போனை லேப்டாப் பக்கத்தில் வைத்து ஒரு பொத்தானைத் தொட்டாள்.

டக்… டடக்… டக்… டடக்.

அப்பாவின் தறி. அந்த வீட்டில் அவள் வேலை பார்த்த காலத்தில் இந்தச் சத்தம் எல்லா மீட்டிங்கிலும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். மலையூருக்கு வந்த முதல் வாரம் அது கேட்காமல் போகவே, "எங்க உங்க வீட்டு மியூசிக்?" என்று கூட வேலை பார்க்கும் திரிஷா கேட்டுவிட்டாள். ரேவதி ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அன்றைக்கே துளசியிடம் சொல்லி நாற்பது நிமிடம் ரகசியமாகப் பதிவுபண்ணி அனுப்பவைத்தாள்.

இன்றும் அதே சத்தத்தோடு மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. மேனேஜர் கலியாணசுந்தரம் மட்டும் காரில் எங்கோ போய்க்கொண்டே பேசினார்.

முடிந்து ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது.

"மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் வந்திருக்கிறேன். டீமுக்குப் புது லேப்டாப் வந்திருக்கிறது. உங்களுடையது என்னிடம்தான் இருக்கிறது. பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டு, பழையதை வாங்கிக்கொள்கிறேன்."

ரேவதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

*

"மா, அப்பா எங்க?"

"கொளத்துல தர்ப்பணம் கொடுத்துட்டு இப்பதான் வந்தாரு. நான் வடைக்கு அரைச்சிக்கினு இருக்கறேன். இன்னாடி, கொரல் ஒரு மாதிரி இருக்குது?"

ரேவதி மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள். மிக்ஸி நின்றது.

"லேப்டாப்பு உங்கிட்டல்ல இருக்குது?"

"அதாம்மா! ஒரகடத்துல ஒரு சாவு, அங்க போயிருக்கான்னு சொல்லிடும்மா."

"அமாவாசையும் அதுவுமா, இல்லாத சாவ என் வாயால சொல்ல மாட்டேன்."

"சரி, பல் டாக்டர்கிட்ட போயிருக்கான்னு சொல்லு. லேப்டாப்பையும் கையோட எடுத்துக்கினு போயிட்டான்னு சொல்லு. அப்புறம், அப்பா வீட்ல இருக்கக் கூடாது. அவருக்குப் பொய் வராது."

"இன்னிக்குத் தறி இல்லியே. அவரு எங்க போவாரு?"

"ஏன் தறி இல்ல?"

"இன்னாடி கேள்வி இது? அமாவாசைக்கு எவன் தறியில எறங்குவான்?"

ரேவதி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். காலண்டரில் பத்தொன்பதாம் தேதிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். நெசவாளி வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, தறி ஓயும் நாள் எது என்று தெரியாமல் போய்விட்டது. அமாவாசையன்று நாற்பது நிமிடம் தறி ஓட்டியிருக்கிறாள்.

"மேனேஜர் மயிலாப்பூர்க்காரரும்மா. அவருக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள். அம்மாவுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. "நீ போன கட் பண்ணாத. அப்படியே இடுப்புல சொருகிக்கோ. அங்க என்ன நடக்குதுன்னு எனக்குக் கேக்கணும்."

இந்த வேலை போனால் அவளுக்கு எட்டு வருஷ உழைப்பு போகும். பொய் சொல்லி வேலை பார்த்தவள் என்ற பெயரோடு போகும். அடுத்து எந்த ஆபீஸில் கேட்டாலும் அந்தப் பெயர்தான் முன்னால் போய் நிற்கும்.

*

"ஏங்க, வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் சேந்து வந்திருக்குது. காமாட்சியப் பாத்துட்டு வாங்களேன். வரும்போது வாழை இலை வாங்கிக்கினு வாங்க."

தர்மன் ஆச்சரியமாகப் பார்த்தார். எப்போதும் 'வீட்ல இருங்க' என்பவள் இன்றைக்கு வெளியே அனுப்புகிறாள். ஆனாலும் நல்ல மனுஷர், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

துளசி மூச்சு விட்டாள். அந்த நிம்மதி இருபது நிமிடம் நீடித்தது.

தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த தர்மனிடமே ஒருவர் வந்து, "நெசவு பண்ற தர்மன் வீடு எதுங்க? ரேவதி ஆபீஸ்லேர்ந்து வரேன்" என்று கேட்டுவிட்டார். அப்புறம் காமாட்சியாவது, வாழை இலையாவது? மகளின் மேனேஜர் தன் வீடு தேடி வந்திருக்கிறார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தர்மன் அவரை அழைத்து வந்தார். வந்தவர் வழியெல்லாம் அரக்கா மாம்பழமா என்று மனைவியிடம் போனில் கலர் பேசிக்கொண்டே வந்ததால் இருவருக்கும் வேறு பேச்சு நடக்கவில்லை.

"துளசி! யார் வந்திருக்காங்க பாரு!"

வாசலில் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் துளசி ஓர் அடி பின்வாங்கினாள். இடுப்பில் செருகிய போனை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வாங்க சார், உக்காருங்க."

கலியாணசுந்தரம் ஐம்பத்தைந்து வயது மனிதர். சத்தமாகப் பேசாதவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தோள்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரேவதியக் கூப்பிடுங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

தர்மன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். அதற்குள் துளசி முந்திக்கொண்டாள்.

"ரேவதி பல் டாக்டர்கிட்ட போயிருக்குது சார். காலைலேர்ந்து ஒரே வலி. லேப்டாப்பையும் கையோட எடுத்துக்கினு போயிட்டுது."

தர்மனின் சிரிப்பு அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. விருந்தாளி முன்னால் அவளை மறுத்துப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். ஒன்றும் புரியாமலே வாயை மூடிக்கொண்டார்.

"அப்படியா? எப்ப வருவாங்க?"

"தெரியல சார். கூட்டமா இருக்குமே."

"பரவால்ல. வெயிட் பண்றேன்."

சமையலறையில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. துளசி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தாள். இந்த இருவரையும் தனியே விட அவளுக்குத் தைரியமில்லை.

தர்மனுக்கு விருந்தாளியைச் சும்மா உட்காரவைக்க மனம் வரவில்லை. பேசத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசினார்.

"தறி பாக்கறீங்களா சார்?"

"ஓ! இதுதானா அது?" கலியாணசுந்தரம் எழுந்து வந்தார். "தினமும் கேக்கறோம், பாத்ததில்ல."

உள் அறையில், தரையில் பள்ளம் பறித்துப் போட்ட குழித்தறி. பாதி நெய்த பச்சைப் பட்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. தறிக்கட்டையில் மஞ்சள், குங்குமம். குறுக்கே ஒரு முழம் சாமந்தி.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்."

"அய்யய்யோ, இன்னிக்குக் கூடாது சார்." தர்மனின் குரலில் பெருமை வந்துவிட்டது. "அமாவாசைக்கு நாங்க தறியில எறங்க மாட்டோம். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். வரும்போது பாத்திருப்பீங்களே, தெருவே அடங்கிக் கெடக்குது."

துளசி கண்ணை மூடிக்கொண்டாள்.

கலியாணசுந்தரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஆனா இன்னிக்குக் காலையில ஒன்பதரை மணிக்கு, மீட்டிங்ல இந்தச் சத்தம் கேட்டுதேங்க."

*

மலையூரில் ரேவதி போனைக் காதில் அழுத்திக்கொண்டு அறைக்குள் நின்றிருந்தாள். அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து வரும் குரல்கள் மங்கலாகத்தான் கேட்டன. ஆனால் அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்டது.

அப்பா என்ன சொல்லப்போகிறார்? 'அவ இங்க இல்லியே சார்' என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொன்னால் முடிந்தது.

முந்தானைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நான்தான் சார் ஓட்டினேன்."

ரேவதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு இழை அறுந்திருந்துது. கட்டிட்டு… சும்மா ஓட்டிப் பாத்தேன். தப்புதான்."

*

துளசி கண்ணைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. நெய்த புடவையில் கண்ணுக்குத் தெரியாத பழுது இருந்தால்கூட, கடைக்காரரிடம் விரலை வைத்துக் காட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவர். விஷயம் முழுசாக அவருக்குத் தெரியாது. மகளுக்கு ஏதோ ஆபத்து என்பது மட்டும் மனைவியின் முகத்தில் தெரிந்தது. அது போதுமாக இருந்தது அவருக்கு. துளசிக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது.

ஆனால் பொய்க்கும் ஒரு பழக்கம் வேண்டும் அல்லவா? தர்மன் தோள்துண்டை எடுத்து, மடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

கலியாணசுந்தரம் குனிந்து சாமந்திச் சரத்தைப் பார்த்தார்.

"பூ எப்ப வெச்சீங்க?"

"காலைல… ஆறு மணிக்கு."

"ஒன்பதரைக்குத் தறி ஓட்டியும் பூ கலையவே இல்லியே."

தர்மன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் உங்களைச் சங்கடப்படுத்த வரலீங்க." கலியாணசுந்தரத்தின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாலு மாசமா ஒண்ணு கவனிக்கிறேன். மீட்டிங் ஆரம்பிச்சு எட்டாவது நிமிஷம் நீங்க ரெண்டு தடவை இருமுவீங்க. உடனே ஒரு அம்மா, 'காப்பி ஆறிப்போவுது, எழுந்து வாங்க'ன்னு சொல்லுவாங்க. தினமும். அதே இருமல், அதே காப்பி. மொதல்ல சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. ரேவதி இந்த வீட்லதான் இருக்காங்க, நான் உறுதி சொல்றேன்னு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டது நான். அதான் புடவை எடுக்கற சாக்குல நேர்ல பாத்துடலாம்னு வந்தேன். ரேவதி எங்கம்மா இருக்காங்க?"

துளசியின் வாயில் காப்பி என்ற வார்த்தைகூட வரவில்லை. தர்மன் நிமிர்ந்தார். இன்னொரு பொய்யைத் தேடினார்.

அப்போது கலியாணசுந்தரத்தின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் ரேவதியின் பெயர்.

எடுத்தார். காமாட்சி காலண்டர் தெரியும் என்று நினைத்திருப்பார். திரை முழுக்க ஒரே வெள்ளை. லேப்டாப்பை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள் ரேவதி. பனி மூடிய கூரைகள், அவற்றுக்கு மேலே மலை, மலைமேல் சின்னதாக ஒரு சர்ச். பிறகுதான் அவள் முகம் வந்தது. துப்பட்டா இல்லை. இரண்டு ஸ்வெட்டர். அழுது சிவந்த மூக்கு.

"சார், நான் ஜார்ஜியாவுல இருக்கேன். நாலு மாசமா. எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. பர்மிஷன் வாங்கிட்டுத்தான் போறேன்னு அவர்கிட்டயும் பொய் சொன்னேன். இப்ப அவர் சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது. அவரை இனிமே எதுவும் கேக்காதீங்க சார். என்னைக் கேளுங்க."

தர்மன் திரையை எட்டிப் பார்த்தார். மகள் போன ஊரை இவ்வளவு பெரிதாக அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"ஏன் ரேவதி?" என்றார் கலியாணசுந்தரம். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"ரெண்டு தடவை கேட்டேன் சார். முடியாதுன்னுட்டாங்க. கல்யாணம் பண்ணியும் தனியாவே இருந்தேன். தாங்கல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க."

கலியாணசுந்தரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் பாத்ததை எழுதியாகணும். வேற வழியில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு, லேப்டாப்போட சென்னை ஆபீஸ்ல நேர்ல வந்து நில்லுங்க. இனிமே இங்கிருந்துதான் வேலைன்னு எழுதிக் கொடுங்க. ஒரு மெமோவோட முடிக்கப் பாக்கறேன். வரலன்னா வேலை இல்ல. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல." பிறகு தர்மனிடம் திரும்பினார். "இங்க ஏதாவது பெட்டி வெச்சிருப்பாங்களே, இன்டர்நெட்டுக்கு? அதை இப்பவே அணைக்கணுங்க. கம்பெனி ரகசியமெல்லாம் அது வழியா வெளிநாடு போவுது."

துளசி அசையவில்லை. தர்மன்தான் போனார். கூடத்து அலமாரியில், தான் பொட்டு வைத்த பெட்டியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. கலியாணசுந்தரத்தின் கையில் ரேவதியின் முகம் பாதி வார்த்தையில் நின்று, மறைந்தது.

புது லேப்டாப் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். வாசலில் நின்று, "உங்க பொண்ணு நல்லா வேலை பாக்கற பொண்ணுங்க. அதான் கஷ்டமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

*

தர்மன் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீதான் பதிவுபண்ணி அனுப்பினியா?"

"ஆமாங்க."

"நாலு மாசமா என் இருமலு ஊரு உலகமெல்லாம் கேட்டுக்கினு இருந்துது. எனக்குத்தான் தெரியல."

"தப்புதாங்க."

"அவ பண்ணதும் தப்பு. நீ பண்ணதும் தப்பு. அமாவாசையும் அதுவுமா தறி முன்னாடி நின்னு நான் சொன்னதும் தப்பு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று துளசி காத்திருந்தாள். ஆனால் துண்டை எடுத்தபோது அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் இருந்தது. "போவட்டும் விடு. நல்லதுக்குத்தான். பொங்கலுக்கு வரவ, மூணு வாரம் முன்னாடியே வந்துடுவா. வேலையும் தங்கும். மாப்ள பொங்கலுக்கு வந்து சேந்துக்கட்டும்."

அந்த இரண்டு வருஷ நீட்டிப்பைத் துளசி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. போன் சூடாக இருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு மணி நாற்பது நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை அணைத்ததில் கட்டானது லேப்டாப்பிலிருந்து வந்த வீடியோ கால் மட்டும்தான். இந்தக் காலை யாரும் கட் பண்ணவே இல்லை.

"லைன்ல இருக்குதா?" தர்மன் ஆசையாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "ரேவதி, அழுவாதம்மா. அப்பாவுக்குக் கோவமெல்லாம் இல்ல. எந்தப் பிளேனுன்னு மட்டும் சொல்லு. மீனம்பாக்கத்துக்கு நானே வந்து நிக்கிறேன். பெரிய ஸ்வெட்டரெல்லாம் அங்கியே யாருக்காவது கொடுத்துட்டு வா, இங்க எதுக்கு? இன்னாம்மா, எப்ப கெளம்பற?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா…" என்றாள் ரேவதி.

தர்மன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா துளசி, அவ ஏன் பதிலே பேச மாட்டேங்கறா?"